எழுதுகோல் நின்றுபோகும் இடம்

(நமது ஜமாஅத்தின் மேற்படிப்பு வழிகாட்டு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எனக்கு முன் பேசிய கல்விக் குழுச் சகோதரர் மேலாண்மைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வு, கட்டணம், உதவித்தொகை ஆகியவற்றை விளக்கிச் சென்றார். வட்டிக் கடனைப் பற்றி அவரிடம் ஒருவர் கேட்ட கேள்வி என் பக்கம் திருப்பி விடப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு தனி அமர்வு வேண்டும். இன்று அதில் இறங்கினால் மக்ரிபுக்கு முன் கரையேற மாட்டோம். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு வேறு. விண்ணப்பக் கட்டுரை எழுத அமர்ந்ததும் ஒரு சொல்லும் வராமல் கை நின்றுவிடுகிறதே, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

மதரஸாவில் ஓதிய ஒருவருக்கு எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஆங்கிலத்தில் எனக்குப் பெரிய தேர்ச்சி இல்லை. ஆனால் எழுத வராமல் உட்கார்ந்திருப்பதில் இருபது ஆண்டுத் தேர்ச்சி இருக்கிறது. வியாழன் இரவு வெற்றுத்தாளுக்கு முன் அமர்ந்து, நாளை மிம்பரில் என்ன சொல்வது என்று தெரியாமல், தேநீர் இரண்டு முறை ஆறிப்போன வாரங்கள் பல. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இஷாவுக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். பெருந்தொற்றுக் காலமாகையால் சென்னை அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்த்து வந்தார். அவர் இசைவுடன்தான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தார். மேலாளரிடம் பரிந்துரைக் கடிதத்திற்கும் சொல்லி வைத்திருந்தார். கட்டுரை மட்டும் நகரவில்லை. செப்டம்பரில் முடியும் முதல் சுற்று கைநழுவிப் போய்விட்டது. ஜனவரித் தொடக்கத்தில் முடியும் இரண்டாம் சுற்றுதான் மிச்சம்.

"ஹஜ்ரத், நாற்பது நாளாக ஒரே பத்தியை எழுதி எழுதி அழிக்கிறேன். அத்தா தினமும் முடிந்ததா என்று கேட்கிறார். சாப்பிட உட்காரவே கூச்சமாக இருக்கிறது" என்றார்.

அந்த ஒரு பத்தியைத் தமிழில் சொல்லச் சொன்னேன். சிறு வயது முதலே தலைமைப் பண்பு தம்மிடம் இயல்பாக அமைந்திருந்தது என்று அது தொடங்கியது. இந்தப் பள்ளிக்கு நான் வந்த ஆண்டில் அவருக்கு எட்டு வயது. மக்தபுக்கு வராமல் புளியமரத்தில் ஏறியிருந்தவரை இறக்கிக் கொண்டுவர ஆள் அனுப்பியவன் நான். "தம்பி, இதை நானே நம்ப மாட்டேனே" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். நாற்பது நாளில் அவர் சிரித்தது அன்றுதானாம்.

அந்தக் கல்லூரிகள் கேட்பது என்ன என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். நம் நாட்டு ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுப் படிப்புக்குக் கேட் தேர்வும் நேர்காணலுமே முதன்மை. வெளிநாட்டுக் கல்லூரிகளும், 2001இல் ஹைதராபாதில் தொடங்கிய ஐ.எஸ்.பி. போன்றவையும் கட்டுரை கேட்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மேலாண்மைப் பள்ளி நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்விகளில் ஒன்று, உமக்கு மிக முக்கியமானது எது, அது ஏன் என்பது. இன்று அதற்கு ஏறத்தாழ 650 சொற்கள் தருகிறார்கள். 1908இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளி, உம்மைப் பற்றி நாங்கள் மேலும் அறிய வேண்டியது என்ன என்னும் திறந்த கேள்வி ஒன்றையே பல ஆண்டுகள் கேட்டு வந்தது; 2024இல் அதை மாற்றி 300, 250, 250 சொற்களில் மூன்று சிறு கட்டுரைகளாக ஆக்கியது. வணிகத்தில் நாட்டம், தலைமை, வளர்ச்சி என்பவை அம்மூன்றின் பொருள்கள்.

கவனியுங்கள். இக்கேள்விகளில் கணிதம் இல்லை, பொருளியல் இல்லை, மனனம் செய்து ஒப்பிக்க ஒன்றுமே இல்லை. நீ யார் என்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பிலும் நான்காண்டுப் பொறியியல் படிப்பிலும் நம் பிள்ளைகளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. திடீரென்று ஒருநாள் கேட்டால் கை நின்றுபோகாமல் என்ன செய்யும்?

எழுத்துத் தடை என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. 1940களில் எட்மண்ட் பெர்க்ளர் என்ற உளப்பகுப்பாய்வு மருத்துவர் வைத்த பெயர் அது. அவர் காரணத்தை ஆழ்மனத்தில் தேடினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் மைக் ரோஸ் என்ற ஆசிரியர் 1980இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. எழுதத் திணறும் மாணவர் ஐவரையும் திணறாத ஐவரையும் அவர் விசாரித்தார். திணறியவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களைக் கட்டிப் போட்டவை அவர்கள் தலையில் இருந்த இறுகிய விதிகள். முதல் பத்தியே வாசகரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று எங்கோ படித்த ஒரு மாணவி, முதல் பத்தியைத் தாண்டவே முடியாமல் கிடந்தார். இன்னொருவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இலக்கணப் பிழையின்றி முடித்த பிறகே அடுத்ததற்குப் போவார். மற்றொருவர் திட்டம் போடுவதிலேயே நாட்களைக் கழித்து, எழுதுவதற்கு நேரமில்லாமல் நிற்பார். திணறாதவர்களிடமும் விதிகள் இருந்தன. ஆனால் ஒரு விதி வேலைக்கு ஆகாதபோது அதை விட்டுவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் இளைஞரிடம் இம்மூன்றும் இருந்தன. நான்காவதாக ஒன்றும் இருந்தது. அதைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய தடை.

"வாழ்க்கையில் பொறுப்பேற்றுச் செய்த வேலை ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். அலுவலக வேலைகள் சிலவற்றைச் சொன்னார். குரலில் உயிர் இல்லை. எழுந்து செருப்பு மாட்டும்போது, "2015 வெள்ளத்தில் ஒரு வேலை செய்தேன். ஆனால் அதை எழுதக் கூடாதே" என்றார். மறுபடியும் உட்கார வைத்தேன்.

அந்த டிசம்பரில் அவர் அடையாற்றங்கரைப் பகுதி ஒன்றில் நண்பர்களுடன் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆறு கரையுடைத்து வந்தபின், அங்கிருந்த பள்ளிவாசலில் சமைத்து, எந்தச் சமயத்தவர் என்று பாராமல் சுற்றிலுமிருந்த தெருக்களுக்கெல்லாம் உணவு கொடுத்தார்கள். விநியோகப் பட்டியல் இவர் பொறுப்பு. முதல் நாளே பிழை நேர்ந்தது. மூன்று தெருக்களுக்கு இரண்டு முறை பொட்டலம் போயிற்று. ஒரு தெருவுக்கு ஒன்றுமே போகவில்லை. இரவில் அந்தத் தெருவைக் கடந்தபோது ஒரு மூதாட்டி, "எங்களை மறந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாராம். கைபேசிக் கோபுரங்கள் வேலை செய்யாத நேரம். அன்றிரவே ஓர் ஆட்டோ ஓட்டுநரையும் அப்பகுதித் துப்புரவுப் பணியாளர் ஒருவரையும் உட்கார வைத்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தெருக்களை வரைந்தார். தெருவுக்கு ஓர் ஆள். ஒரு சீட்டை இரண்டாகக் கிழித்து ஒரு பாதி வீட்டுக்கு, மறுபாதி சமையற்கூடத்துக்கு. மறுநாள் யாரும் விடுபடவில்லை.

இதைச் சொல்லும்போது அவர் தடுமாறவே இல்லை. கால்மணி நேரம் பேசினார்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"ரியா ஆகிவிடாதா ஹஜ்ரத்? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று நீங்கள்தானே மக்தபில் சொல்லிக் கொடுத்தீர்கள்?"

உண்மையைச் சொல்கிறேன். அன்றிரவு என்னிடம் உடனே பதில் இல்லை. பிறர் காண வேண்டும் என்பதற்காகச் செய்வதும், செய்ததைச் சொல்லிப் பெருமை தேடுவதும் அமலை அழித்துவிடும் என்று பிள்ளைகளுக்குப் போதித்தவன் நான். அதை அவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வேறொரு வீட்டில் இது வெறும் கூச்சம். நம் வீட்டில் இது ஈமானோடு கலந்த அச்சம். பயிற்சி மையக்காரர்கள் தன்னம்பிக்கை வேண்டும் என்று சொல்லி இதைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். தீராது. கேள்வி வேறு, அவர்கள் சொல்லும் மருந்து வேறு.

மறுநாள் என் உஸ்தாதுக்குத் தொலைபேசியில் பேசினேன். முதுமையால் குரல் தளர்ந்திருந்தாலும் அறிவு தளரவில்லை. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினார். மன்னர் அழைத்துப் பேசியபோது, நாட்டின் களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் தரும்படி அவர்களே கேட்டார்கள். காக்கவும் தெரியும், அதற்குரிய அறிவும் உண்டு என்று காரணமும் சொன்னார்கள். தேவையான இடத்தில் ஒருவர் தம் தகுதியை எடுத்துரைக்கலாம் என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நான் கவனித்த ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்கள் சொன்னவை இரண்டே தகுதிகள். இரண்டும் அந்த வேலைக்கு வேண்டியவை. தம் பொறுமையைச் சொல்லவில்லை, சிறையில் பட்ட துன்பத்தைச் சொல்லவில்லை, தம் குடும்பத்தின் சிறப்பையும் சொல்லவில்லை.

பிறகு உஸ்தாத் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "அந்தப் பையன் எழுதப்போவது உண்மைதானா? கேட்பவர்களுக்கு அது தேவைதானா? அப்படியானால் எழுதட்டும். ஆனால் சோறு வாங்கியவர்களின் வறுமையை விற்று இடம் வாங்க வேண்டாம் என்று சொல்."

இந்தக் கடைசிச் சொல் எனக்கு உறைத்தது. ஏழையின் கண்ணீரை விரித்து எழுதி, நடுவில் தம்மை நாயகனாக நிறுத்துவது இவ்வகைக் கட்டுரைகளில் மலிந்து கிடக்கும் வழக்கம் என்று அந்த இளைஞரும் பின்னர் சொன்னார். ஆகவே அவர் அந்த மூதாட்டியின் கேள்வியை ஒரே வரியில் எழுதினார். மிச்சம் முழுவதும் தம் பிழையைப் பற்றியும், பட்டியலை எப்படித் திருத்தினார் என்பது பற்றியும், அவருக்குத் தெரியாத தெருக்களைத் தெரிந்தவர்கள் யார் என்பது பற்றியும்தான். செய்த தர்மத்தை எழுதவில்லை. செய்த கணக்கை எழுதினார். ரியா நுழைய அதில் இடம் குறைவு என்று நினைக்கிறேன். நிய்யத்தை அல்லாஹ்வே அறிவான்.

எழுத்து நின்றுபோவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095ஆம் ஆண்டு பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒருநாள் நா எழவில்லை. முயன்றாலும் ஒரு சொல் வரவில்லை; உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள் இது உள்ளத்திலிருந்து வந்த நோய் என்றார்கள். தாம் கற்பிப்பது இறைவனுக்காக அன்று, பதவிக்கும் புகழுக்கும்தான் என்பதை அதற்கு முன்பே உள்ளுக்குள் கண்டுகொண்டு மாதக்கணக்கில் அவர்கள் தத்தளித்ததைத் தம் வரலாற்றில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த உயரத்துக்கும் நமக்கும் என்ன ஒப்பு? ஆயினும் ஒன்று புரிகிறது. ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கு முன் உங்கள் கை நின்றால், ஆங்கிலத்தைக் குறை சொல்லுமுன், உண்மையான பதில் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் போனான், சம்பளம் உயரும், பெண் வீட்டார் மதிப்பார்கள் என்பதுதான் பதிலென்றால் அதை எழுதவும் முடியாது, அதை மறைத்து வேறொன்றை எழுதவும் வராது. சிலருக்கு அந்த விண்ணப்பம் அந்த ஆண்டு தேவையே இல்லாமல் இருக்கலாம். பெற்றோர் இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம்.

இனி வழி. பெரிய வழிகள் அல்ல.

நான் மதரஸாவில் சேர்ந்த முதல் ஆண்டு, வியாழக்கிழமை இரவுப் பேச்சு மன்றத்தில் என் முறை வந்தது. ஏறினேன், ஸலாம் சொன்னேன், அவ்வளவுதான். எதிரே நூறு முகங்கள். கீழே இறங்கி வாசலுக்கு ஓடினேன். உஸ்தாத் பின்னால் வந்தார். "என்ன சொல்ல இருந்தாய்?" என்றார். சொன்னேன், கடகடவென்று. "இதையே போய்ச் சொல்" என்று தோளைத் திருப்பி விட்டார். பேச வருவது எழுதவும் வரும். நடுவில் முகங்கள் வந்து நிற்பதுதான் கோளாறு. அதனால் அந்த இளைஞரை என் முன் சொன்னதையே கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, தமிழிலேயே ஒரு முறை எழுதி, பிறகு ஆங்கிலத்தில் புதிதாக எழுதச் சொன்னேன். மொழிபெயர்க்க வேண்டாம் என்றேன். தமிழ்ப் பிரதியை மூடி வைத்துவிட்டுத்தான் எழுதினார்.

பீட்டர் எல்போ என்ற ஆங்கில ஆசிரியர் 1973இல் எழுதிய நூலில் ஒரு பயிற்சி சொல்கிறார். பத்து நிமிடம், கையை நிறுத்தாமல், பின்னால் திரும்பிப் பார்க்காமல், பிழை திருத்தாமல் எழுத வேண்டும். ஒன்றும் தோன்றவில்லையென்றால் ஒன்றும் தோன்றவில்லை என்பதையே எழுத வேண்டும். வியாழன் இரவுகளில் நான் இதைச் செய்து பார்த்தேன். முதல் மூன்று நிமிடம் குப்பைதான் வரும். குப்பை வெளியேறிய பின் ஒரு வரி வரும்.

எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே அமர்வில் செய்யாதீர்கள். ஹிஃப்ழு மதரஸாவில் புதிய சபக்குக்கு ஒரு நேரம், பழைய பாடத்தைப் புரட்டி ஓதுவதற்கு வேறொரு நேரம் என்று ஏன் பிரித்து வைத்திருக்கிறார்கள்? இப்னு கல்தூன் தம் முகத்திமாவை 1377இல் ஐந்து மாதங்களில் எழுதி முடித்தார். திருத்தமும் சேர்ப்பும் அதற்குப் பின்னர் பல ஆண்டுகள் நடந்தன. முதல் நாளே திருத்த உட்கார்ந்திருந்தால் அந்நூல் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 650 சொல் வேண்டுமானால் 1,300 சொல் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாதியை வெட்டுங்கள். வெட்டும்போது பெரும்பாலும் முதல் பத்திதான் போகும். நம் இளைஞரின் நாற்பது நாள் உழைப்பும் அப்படித்தான் போயிற்று.

மனம் வரும்போது எழுதுவேன் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று. ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983இல் கல்லூரி ஆசிரியர்களை வைத்துச் சோதித்தார். நாள்தோறும் கட்டாயமாக எழுத வைக்கப்பட்டவர்கள், மனம் வந்தபோது எழுதியவர்களைவிட அதிகம் எழுதினார்கள். அதோடு புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அதிகம் தோன்றின. ஃபஜ்ருக்குப் பின் அரைமணி நேரம் போதும். அந்நேரத்தில் அத்தாவும் கேள்வி கேட்க மாட்டார்.

பணம் கொடுத்தால் எழுதித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். இப்போது பணமே இல்லாமல் நொடியில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. பிழை பார்க்க, சொல் தேட, அந்தக் கல்லூரி விதி இடம் தரும் அளவுக்குப் பயன்படுத்துங்கள். விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும், படித்துப் பாருங்கள். ஆனால் அதனிடம் அந்த மூதாட்டி இல்லை, கிழித்த சீட்டும் இல்லை. கேட்டால் அது தரப்போவது சிறு வயது முதலே தலைமைப் பண்பு என்ற அதே பத்திதான், இன்னும் நல்ல ஆங்கிலத்தில். பிறர் எழுதியதைத் தம்முடையது என்று கையொப்பமிடுவது பொய்ச் சாட்சி. இதில் மார்க்கச் சட்டத்துக்கும் கல்லூரிச் சட்டத்துக்கும் வேறுபாடில்லை. சேர்க்கைக்குப் பின்னும் விவரங்களைச் சரிபார்க்கிறார்கள், பொய் கண்டால் இடத்தைப் பறிக்கிறார்கள். ஹார்வர்டில் நேர்காணல் அரைமணி நேரம். உங்கள் விண்ணப்பத்தை முழுவதும் படித்தவர்தான் எதிரே அமர்வார். எழுதாத ஒன்றை அங்கே எப்படி விளக்குவீர்கள்?

முடித்ததை இருவரிடம் காட்டுங்கள். உங்களை நன்கு அறிந்த ஒருவர், இது நீதானா என்று சொல்வார். அறியாத ஒருவர், புரிகிறதா என்று சொல்வார். பத்துப் பேரிடம் காட்டினால் பத்து நடை வந்து சேரும். ஒரு கல்லூரிக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அனுப்புவோர், முதல் கல்லூரியின் பெயரை நீக்கவாவது மறக்க வேண்டாம்.

அந்த இளைஞருக்கு இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். 2022 ஜனவரியில் இரண்டு இடங்களுக்கு அனுப்பினார். ஒன்று நேர்காணலுக்கே அழைக்கவில்லை. மற்றொன்று அழைத்தது, நேர்காணலில் பெரும்பகுதி அந்தக் கிழித்த சீட்டைப் பற்றியே கேட்டார்களாம். காத்திருப்போர் பட்டியலில் வைத்து, கடைசியில் இல்லை என்றார்கள். அவருடைய அத்தா என்னிடம் வந்து பேசாமல் அமர்ந்திருந்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு அவர் மீண்டும் எழுதினார், இம்முறை ஒன்பது நாட்களில். நம் நாட்டிலேயே ஒரு கல்லூரி சேர்த்துக்கொண்டது. படிப்பை முடித்து இப்போது வேலையில் இருக்கிறார். அந்த நாட்காட்டித் தாள் இன்னும் அவரிடம் உண்டு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முதல் சுற்று செப்டம்பரில் வரும். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மக்தப் அறை திறந்திருக்கும். மடிக்கணினி வேண்டாம், ஒரு குறிப்பேடு போதும். ஆங்கிலத்தைத் திருத்தக் கல்விக் குழுச் சகோதரர் இருப்பார். கேட்டுக்கொண்டிருக்க நான் இருப்பேன். சகோதரிகளுக்கு அதே நேரத்தில் மாடியில் ஆலிமா ஒருவரும், கல்லூரிப் பேராசிரியை ஒருவரும் அமர இசைந்திருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.